ரமணன் சொன்ன மழையும் இரணைமடுவுக்கு வந்த மழையும்



தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒழுங்கமைப்பாளரான தம்பி ஒருவர், "ஐயா, இது கொஞ்சம் பகிடித் தலைப்பு மாதிரிக் கிடக்குதே" என்றார். இருக்கட்டும். காலபோகத்துக்குக் கையில் இருந்த காசையும் கடன்பட்ட காசையும் வயலில் கொட்டிவிட்டு, ஒக்ரோபர் தொடக்கம் வானத்தையும் ரீவியையும் மாறி மாறிப் பார்க்கிற சனம் நாங்கள். நாளைக்கு மழை என்று சொல்கிற முகம், இந்த மண்ணில் பல அமைச்சர்களின் முகத்தைவிடப் பழகிய முகம். அந்த முகத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

முதலில் எஸ்.ஆர். ரமணன். சென்னை நுங்கம்பாக்கத்தில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பனி 1792இல் சென்னையில் அமைத்த வானாய்வுக்கூடத்தின் வழிவந்த இடம் அது. அங்கே புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்தவர் ரமணன். இந்திய வானிலைத் துறையில் மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் வேலைசெய்து, 2016 மார்ச் 31ஆம் திகதி ஓய்வுபெற்றார். தொழில்முறையில் அவர் தொலைக்காட்சி அறிவிப்பாளர் அல்லர், அரசாங்க உத்தியோகத்தர். ஆனால் தமிழ்த் தொலைக்காட்சிகளில் அவரைப்போல வானிலை சொல்லி வீட்டுக்கு வீடு பெயரெடுத்தவர் வேறொருவர் இல்லை.

அவர் சொன்ன முறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு ரீவி நிலையங்களில் வானிலை சொல்கிற பிள்ளைகள் பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வெறும் பச்சைதான். வரைபடம் எங்கள் வீட்டில்தான் தெரியும். அவர்கள் பக்கத்தில் இருக்கும் சின்னத்திரையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு வெறுஞ் சுவரில் வங்காள விரிகுடாவைத் தொட்டுக் காட்டவேண்டும். கை இரண்டு அங்குலம் விலகினால் தாழமுக்கம் ஒடிசாவுக்குப் போய்விடும். அதுவும் ஒரு வித்தைதான். ரமணனுக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை. மேசை, முன்னால் ஒரு கும்பல் ஒலிவாங்கிகள், முகத்தில் சிரிப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. "அடுத்த 24 மணி நேரத்தில்" என்று தொடங்குவார். புயல் வந்தாலும் அதே குரல், தூறல் என்றாலும் அதே குரல்.

அந்தக் குரலை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். "ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம் எண்டால் எங்கையாவது ஒரு இடத்திலை பெய்யத்தானே செய்யும், இதுக்கு ஒரு ஓப்பீசரோ" என்று தேத்தண்ணிக் கடையில் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழை நிலையங்களில் நூற்றுக்கு 25 அல்லது அதற்குக் குறைந்தவற்றில் மழை விழும் என்றால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை என்றால் அடுத்த படி. 76க்கு மேல் போனால் பெரும்பாலான இடங்கள். கனமழை என்று அவர் சொன்னால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீற்றரைத் தாண்டும் என்று பொருள். மிகக் கனமழை 115.6இல் தொடங்கும். 204.4ஐயும் தாண்டினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரமும் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை அல்ல. காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. இங்கே வவுனியா நிலையத்திலும் அதே எட்டரைதான்.

சென்னைப் பிள்ளைகளுக்கு அவர் பாடசாலை விடுமுறை தருகிற கடவுள். 2015இல் மழை பெய்த அந்த நவம்பரில் அவரை வைத்து எத்தனை பகிடிப் படங்கள்! டிசம்பர் 2ஆம் திகதி காலை எட்டரை மணிக்கு அளந்தபோது தாம்பரத்தில் 49 சென்ரிமீற்றர், செம்பரம்பாக்கத்தில் 47. சென்னை வெள்ளத்தில் மூழ்கியபின் பகிடி அடங்கிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக் கதவுகளை எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வழக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் இதே கதை பின்னால் வருகிறது.

எங்கள் வன்னிக்கும் ரமணனுக்கும் என்ன தொடர்பு? அவையில் இருக்கும் வயதானவர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் வயர் இழுத்து, மற்றவர்கள் றேடியோவைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். மிதிக்கிறவன் களைத்தால் செய்தி இழுபட்டுப் போகும். செய்தி முடிந்து வானிலை தொடங்குகிற நேரத்தில்தான் எப்போதும் களைப்பு வரும். அதோடு இன்னொரு விசித்திரம். 1996இல் கொழும்பு கடிகாரத்தை முன்னே தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி தள்ளவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, எங்கள் மணிக்கூடு ஓமந்தைக்கு அந்தப்பக்கம் இருந்த அரசாங்கப் பகுதியோடு ஒத்துப்போகவில்லை, சென்னையோடு ஒத்துப்போனது. தமிழ்நாட்டுச் செய்தி நேரம் எங்களுக்குக் கணக்குப் பார்க்காமலே தெரியும்.

சமாதான காலத்தில் டிஷ் வைத்த வீடுகள் வந்தன. ரமணன் வீட்டுக்குள் வந்தார். "ரமணன் சொல்லிப்போட்டார், நாளைக்கு விதைக்காதை" என்று மகனைத் தடுத்த தகப்பன்மாரை எனக்குத் தெரியும். ஆனால் அவர் எங்களுக்காகப் பேசவில்லை. அவருடைய வரைபடத்தில் நாங்கள் ஒரு குறிப்பு. "தென்மேற்கு வங்கக்கடல் மற்றும் அதையொட்டிய இலங்கைப் பகுதியில்" என்று அவர் சொல்கிற அந்த ஒட்டுப் பகுதிதான் நாங்கள். அங்கிருந்து தாழமுக்கம் வடக்காகவோ மேற்காகவோ நகர்ந்து நாகப்பட்டினத்தை அடையும்போதுதான் அவருடைய பேச்சு சூடுபிடிக்கும். அந்தக் கட்டத்தில் எங்கள் வயல் ஏற்கெனவே மூழ்கியிருக்கும்.

2008 நவம்பர் கடைசிக் கிழமையில் நிஷாப் புயல் வந்தது. சென்னையில் அவர் அதைப் பற்றி ஒலிவாங்கிகளுக்கு முன்னால் விளக்கிக்கொண்டிருந்த நாட்களில், போரால் கிளிநொச்சியை விட்டு எழும்பிய சனம் தருமபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாள்களுக்குக் கீழே இருந்தது. தாழ்ந்த நிலத்தில் கொட்டில் போட்டவர்கள் இரவோடிரவாகப் பிள்ளைகளையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஏறினார்கள். அந்த மழையை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் போக ஒரு மேட்டுநிலம் வேண்டுமே. முன்னறிவிப்பால் ஆகக்கூடியதற்கு ஒரு எல்லை இருக்கிறது என்று அன்று பார்த்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை.

இனி வெளிநாட்டுப் பக்கம் ஒரு சின்ன நடை. 1954 ஜனவரி 11ஆம் திகதி, பிபிசி தொலைக்காட்சியில் ஒருவர் முதன்முதலாக நேரில் தோன்றி வானிலை சொன்னார். பெயர் ஜோர்ஜ் கௌலிங். கையால் வரைந்த வரைபடம், கரித்துண்டு, ஐந்து நிமிடம். நாளைக்குக் காற்று அடிக்கும், துணி காயப்போட நல்ல நாள் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைவிட நல்ல வானிலை அறிவிப்பு எனக்குத் தெரியாது. காற்றின் வேகத்தை எண்ணில் சொல்வதோடு நிற்காமல், கேட்கிறவர் நாளைக் காலை என்ன செய்யப்போகிறார் என்று யோசித்திருக்கிறார் மனுசன். அதே பிபிசியில்தான் மைக்கல் ஃபிஷ்ஷும் இருந்தார். 1987 ஒக்ரோபர் 15 மதியம், சூறாவளி வருகிறதாமே என்று ஒரு பெண் கேட்டதாகச் சொல்லி, கவலைப்படாதீர்கள், அப்படி ஒன்றும் இல்லை என்றார். அன்றிரவு தென் இங்கிலாந்தைப் பெரும் புயல் அடித்து 18 பேர் இறந்தார்கள். அந்தப் பேச்சு அத்திலாந்திக்கின் மறுகரையைப் பற்றியது என்று அவர் பின்னாளில் எவ்வளவோ விளக்கினார். ஊர் கேட்கவில்லை. 2004 வரை திரையில் நின்றவரை இன்றும் அந்த ஒரு மதியத்தை வைத்துத்தான் நினைக்கிறார்கள். கொடுமையான தொழில்! நூறு நாள் சரியாகச் சொன்னதை யாரும் கொப்பியில் எழுதி வைப்பதில்லை.

இந்தத் தொழிலுக்குள் ஒருவர் எப்படி விழுகிறார்? அநேகமாகச் சின்ன வயதில், ஒரு மழையில். தமிழ்நாடு வெதர்மேன் என்று பெயரெடுத்த பிரதீப் ஜோன், 1996 ஜூனில் சென்னையில் விடாமல் பெய்த மழையைத்தான் தன் தொடக்கமாகச் சொல்லியிருக்கிறார். மின்சாரம் போன வீட்டில் மற்றவர்கள் சலித்துக்கொண்டிருக்க, அந்தப் பையன் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவர் வானிலைத் துறை உத்தியோகத்தர் இல்லை. ஆர்வத்தால் படித்து, முகநூலில் எழுதி, கடைசியில் ரீவிக்காரர்களே அவரைத் தேடிப்போகும் நிலை வந்தது. அவர் எழுதுவதில் எனக்குப் பிடித்தது, பயப்படத் தேவையில்லை என்ற நாளில் அதையும் துணிந்து சொல்வது. எச்சரிப்பது சுலபம். பிழைத்தாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

என்னுடைய தொடக்கமும் அப்படித்தான்; ஆனால் நான் வானிலைக்காரன் ஆகவில்லை, புவியியல் வாத்தியார் ஆனேன். அதற்குக் காரணமான எங்கள் சேரின் பெயரில்தான் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை இருக்கிறது. எங்கள் பாடசாலையின் வெறும் முற்றத்தில், மரநிழல் படாத இடமாகப் பார்த்து, செப்பு நிறத்தில் ஒரு மழைமானி உருளையைச் சேர் நட்டு வைத்திருந்தார். மேலே புனல், உள்ளே போத்தல். காலை எட்டரைக்கு ஒரு பெடியன் போத்தலை எடுத்து அளவுக் கண்ணாடியில் ஊற்ற வேண்டும். கண்ணாடியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீரின் மேல்விளிம்பை விட்டு நடுக்குழிவைப் பார்த்து வாசிக்க வேண்டும். மேல்விளிம்பை வாசித்தால் தலையில் குட்டு. அப்போது அங்குலக் கணக்கு. வாசித்தவன் கூட்டத்தில் ஏறி, "நேற்று எட்டரை தொடக்கம் இன்று எட்டரை வரை ஒன்று தசம் இரண்டு அங்குலம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இறங்க முடியாது. "அப்ப வயலுக்கு என்ன செய்யலாம்?" என்று சேர் கேட்பார். வரம்பு வெட்டிவிட வேணும் சேர், பசளை எறியக் கூடாது சேர் என்று ஏதாவது ஒன்று சொன்னால்தான் விடுவார். கமக்காரப் பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கடைக்காரரின் மகன் ஒருத்தன் மட்டும் ஒவ்வொரு முறையும் முழிப்பான். கௌலிங்கின் துணி காயப்போடுகிற கதையைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்குச் சேரின் ஞாபகம்தான் வந்தது.

1964 டிசம்பர் 22. தனுஷ்கோடியை அழித்த அதே புயல், அதற்கு முன்னால் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வவுனியாப் பக்கமாகக் கடந்தது. வன்னியில் அன்றைக்கு விழாத மரம் குறைவு. பாடசாலையில் மழையளவு எழுதிய எங்கள் கொப்பியில் அந்த நாளுக்கு எதிரே வெறும் கோடு. பாடசாலை விடுமுறை, மானியை வாசிக்க ஆளில்லை. சேர் அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார்.

இப்போது இரணைமடுவுக்கு வருவோம். 1902இல் தொடங்கி 1920 அளவில் கட்டி முடித்த குளம். பல தடவை அணைக்கட்டை உயர்த்தியிருக்கிறார்கள். கடைசியாகத் திருத்தி, 36 அடிக்கு நீர் பிடிக்கும்படி செய்து, 2018 டிசம்பர் 7ஆம் திகதி விழா எடுத்துக் கையளித்தார்கள். சரியாக இரண்டு கிழமைதான் கழிந்தது. டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெய்த மழையில் வெள்ளம் வந்தது. வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி விசாரணைக் குழு வரை போனது. செம்பரம்பாக்கத்தில் கேட்ட அதே கேள்வி. அங்கேயும் இங்கேயும் மழை வரும் என்ற அறிவிப்பு இருந்தது. அறிவிப்புக்கும் கதவைத் திருப்புகிற கைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் தண்ணீர் ஏறியது.

அந்த இடைவெளியை நிரப்ப என்ன சொல்ல வேண்டும்? கொழும்பு அறிவிப்பைக் கேளுங்கள். வடக்கு, வடமத்திய, கிழக்கு மாகாணங்களில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை எதிர்பார்க்கப்படுகிறது. சரியான அறிவிப்புத்தான். மூன்று மாகாணம் என்றால் நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இரணைமடுவுக்குக் கிளிநொச்சி நகரத்தில் பெய்கிற மழை பெரிய காரியம் இல்லை. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. அது வவுனியா மாவட்டத்தின் வடக்கில் ஊறி, காடு வழியாக வடக்கே வருகிறது. புளியங்குளம், மாங்குளம் பக்கம் இரவு என்ன விழுந்தது என்பதுதான் குளத்தைக் காக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். ஒரு சதுரக் கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் விழுந்தால் பத்துக் கோடி லீற்றர் தண்ணீர். நீரேந்து பரப்பில் அப்படி எத்தனை சதுரக் கிலோமீற்றர்! ஏற்கெனவே நனைந்து குடித்த காட்டு மண் அதில் கொஞ்சத்தைத்தான் பிடித்து வைக்கும். மிச்சம் மறுநாளோ அதற்கு முன்போ அணைக்கட்டுக்கு வந்து நிற்கும். கிளிநொச்சியில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே குளம் ஏறும். இதைக் கண்டு பயந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

ராடர் இருந்தால் தெரியாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். காரைக்காலில் இந்தியா வைத்திருக்கும் டொப்ளர் ராடரிலிருந்து கிளிநொச்சி நேர்க்கோட்டில் 200 கிலோமீற்றருக்குள் வரும். படத்தில் எங்கள் மேகமும் தெரியும். ஆனால் பூமி உருண்டை. ராடரின் மிகத் தாழ்ந்த கதிர்கூட இங்கே வந்து சேரும்போது தரைக்கு மேலே மூன்றரைக் கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. அதற்குக் கீழே திரண்டு பெய்கிற மழையை அது சரியாகக் காணாது. மார்கழி மழையில் பாதி அந்த உயரத்துக்குக் கீழேதான் தன் காரியத்தைப் பார்க்கிறது என்பது வயலில் நிற்கிற எவருக்கும் தெரியும். கடலோரத்தில் தாழ வந்து, தென்னை உயரத்தில் இருட்டிக்கொண்டு கொட்டும்.

நல்ல காலமாக, இன்று எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு குரல் கேட்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா, வடக்கு கிழக்கு மழையைத் தமிழில், எங்கள் இடப்பெயர்களைச் சொல்லி எழுதியும் பேசியும் வருகிறார். ரமணன் சொல்லிப்போட்டார் என்ற வாய்கள் இப்போது "பிரதீபராஜா சேர் போட்டிருக்கிறார்" என்கின்றன. எந்தக் குளத்துக்குக் கீழே இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும், கடலுக்கு எந்த நாளிலிருந்து போகக்கூடாது என்ற அளவுக்கு ஒருவர் இறங்கிப் பேசுவது எங்களுக்குப் புதிது. 2024 நவம்பரில் ஃபெங்கல் காலத்திலும், 2025 நவம்பர் கடைசியில் திட்வாப் புயலின்போதும் இங்கே எத்தனையோ வீடுகளில் அவருடைய பதிவை வாசித்துவிட்டுத்தான் நெல்மூட்டையை மேலே ஏற்றினார்கள். திட்வா நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டில் மண் சரிந்த இடங்களில் தமிழ்ச் சனத்துக்குத் தமிழில் எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்ற குற்றச்சாட்டு அதற்குப் பிறகு பலமாக எழுந்தது. எழ வேண்டியதுதான்.

ஆனால் ஒரு பேராசிரியரின் முகநூலில் ஒரு மாகாணத்தின் உயிர் தொங்குவது சரியான ஏற்பாடு அல்ல. அவருக்கும் காய்ச்சல் வரும்; கோபுரம் விழுந்தால் தொலைபேசியும் போகும். பிழைத்தால் ஃபிஷ்ஷுக்கு நடந்தது அவருக்கும் நடக்கும். அவரிடமும் கொழும்பிடமும் இல்லாத ஒன்று எங்கள் கையில் இருக்கிறது. கனகராயன் ஆற்றின் நீரேந்து பரப்பில் காட்டோரத்தில் இருக்கும் பாடசாலைகள்தான் அது. இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணத்தில் ஆண்டுக்கு ஒரு மேடை, ஒரு மாலை, ஒரு தேநீர் என்று செலவழிப்பதற்குப் பதிலாக, அந்தப் பாடசாலைகளுக்கு மழைமானி வாங்கிக் கொடுங்கள் என்று அதை நிறுவிய குடும்பத்தாரைக் கேட்கிறேன். என்னுடைய சொற்பொழிவுதான் கடைசிச் சொற்பொழிவு என்றாலும் எனக்குச் சம்மதம். எட்டரைக்கு வாசித்த எண்ணை ஒன்பது மணிக்குள் இரணைமடுக் குளத்துப் பொறுப்பாளருக்கு அனுப்ப ஒரு சாதாரண தொலைபேசி போதும். வாசிக்கிற பிள்ளைகளில் எவளாவது ஒருத்தி நாளைக்கு ரீவியில் நின்று புளியங்குளத்தில் இவ்வளவு, ஆகவே குளத்துக்குக் கீழே பன்னங்கண்டிப் பக்கம் இன்றிரவு கவனம் என்று சொன்னால், சொல்லட்டும்.

மானியை வாங்குபவர்கள் மூன்று விடயத்தைக் கவனியுங்கள். கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி, அவற்றின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். புனலில் சருகும் குளவிக்கூடும் அடைக்கும். கிழமைக்கொருமுறை துடைக்க வேண்டும். மூன்றாவது விடயம்தான் கஷ்டமானது. எங்கள் பெரிய மழை டிசம்பரில் வருகிறது, பாடசாலை டிசம்பரில் பூட்டியிருக்கிறது. ஆகவே அதிபரிடம் கொடுத்துவிட்டு வந்தால் 1964இன் கோடு திரும்பவும் விழும். பாடசாலைக்குப் பக்கத்து வளவில் குடியிருக்கிற ஒருவருக்கு, காவலாளிக்கோ கடை வைத்திருக்கிற அக்காவுக்கோ, அந்த ஒரு மாதத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எவ்வளவு கொடுக்கலாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கேள்வி நேரத்தில் கமக்காரர் அமைப்புத் தலைவர்மார் அதைத் திருத்தட்டும்.